வினாவும் விடையும்: மாணவர் ஆய்வுக்கு இணையக் கருவிகள் துணைபுரியுமாறு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்தையும் சொல்லையும் இலக்கணப்படுத்த எழுந்த நூலாயினும், அதன் பொதுப்பாயிரம் கற்றல் கற்பித்தலின் இலக்கணத்தையும் உடன் வகுத்துரைக்கின்றது. ஆசிரியர் கூறியதை எத்துணை நன்றாகக் கேட்டுக்கொள்ளினும் மாணாக்கன் பெறுவது புலமையின் காற்பங்கே. உடன் பயில்வாரோடு கூடி ஆராய்வதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்பது அந்நூலின் கணக்கு. ஐயத்தை வினாவுதலும், பிறர் வினாவியவற்றுக்கு விடை கூறுதலும் அங்கே மாணாக்கனின் கடமைகளாக எண்ணப்படுகின்றன.

நம் வகுப்பறைகளை இக்கணக்குக் கொண்டு அளந்து பார்ப்பின், முதற் காற்பங்கு ஒன்றிலேயே பெரும்பொழுது கழிதலைக் காண்கின்றோம். ஆசிரியர் கூறுகின்றார், மாணவர் எழுதுகின்றனர், பரீட்சைத்தாளில் எழுதியது மீள எழுதப்படுகின்றது. 2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றுக் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது கற்பித்தல் கைத்தொலைபேசிக்கு மாறியது. ஆயின் அங்கும் நிகழ்ந்தது பெரும்பாலும் யாது? குறிப்பேட்டின் பக்கங்கள் படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் வழியே அனுப்பப்பட்டன. மாணவர் அவற்றைப் பார்த்தெழுதினர். கருவி புதிது, செயல் பழையது. கருவி மாறினமையால் மட்டும் கற்றல் மாறிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆகவே, இணையக் கருவிகளை எவ்வாறு கையாண்டால் மாணவரது ஆராயும் திறன் வளரும் என்பதை, நமது மட்டக்களப்பு வாவிக்கரையில் எழக்கூடிய இரண்டு வினாக்களைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுவோம்.

ஊடாட்டக் கருவி யாது?

இணையத்தில் உள்ளவை யாவும் ஒருதன்மையன அல்ல. ஒரு நிகழ்படத்தை மாணவன் பார்க்கின்றான். அவன் உறங்கினும் விழித்திருப்பினும் அது தன் போக்கில் ஓடி முடியும். ஊடாட்டக் கருவியோ மாணவன் ஒன்றைச் செய்தாலன்றி இயங்காது. அவன் ஓர் அளவை மாற்றுகின்றான். கருவி அதற்கேற்ற விளைவைக் காட்டுகின்றது. விளைவு அவன் எதிர்பார்ப்போடு பொருந்தலாம், முரணலாம். முரணுமிடத்து “ஏன்?” என்னும் வினா தானே பிறக்கின்றது. செயல், விளைவு, வினா என்னும் இம்மூன்றும் சங்கிலித்தொடராய் வருவதே ஊடாட்டம் எனப்படும்.

இத்தகைய கருவிகளுள் ஆசிரியர் பலரும் அறிந்த சிலவற்றைச் சுட்டலாம். 2001ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ என்னும் பாவனைத் தொகுதி அறிவியலுக்கும் கணிதத்துக்கும் உரியது, கட்டணமின்றிக் கிடைப்பது, தன்னார்வலர் உழைப்பால் தமிழ் உட்படப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு வருவது. மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்பார் 2001இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் உருவாக்கத் தொடங்கிய ‘ஜியோஜீப்ரா’ கேத்திரகணிதத்தையும் அட்சரகணிதத்தையும் ஒரே திரையில் இணைப்பது. செய்மதிப் படங்களைக் காட்டும் தளங்களும், ஒலியைப் பகுத்துக் காட்டும் தளங்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

வழிகாட்டலும் தேடலும்

மாணவன் தானே தேடிக் கற்கவேண்டும் என்னும் கொள்கை இன்று தோன்றியதன்று. ஜோன் டூயி என்னும் அமெரிக்க மெய்யியலறிஞர், நாம் எவ்வாறு சிந்திக்கின்றோம் என்பது பற்றி 1910இல் எழுதிய நூலில், உண்மையான சிந்தனை ஓர் ஐயத்திலேயே, ஒரு தடுமாற்றத்திலேயே தொடங்குகின்றது என நிறுவினார். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் பாடத்திட்டச் சீர்திருத்தம், ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவுபடுத்தல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகள் கொண்ட கற்பித்தல் ஒழுங்கை நம் ஆசிரியர்க்கு அறிமுகம் செய்தது. அவ்வொழுங்கில் ஆசிரியரின் விளக்கத்துக்கு முன்னரே மாணவரின் கண்டறிதல் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

எனினும் மறுதரப்பையும் கேட்டல் முறை. கேர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் என்னும் மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வுரையொன்றில், வழிகாட்டலின்றி மாணவரைத் தேடவிடும் முறை பயன்படாது என வலிந்து வாதித்தனர். புதிதாகக் கற்பவனின் நினைவு ஒரே நேரத்தில் சில செய்திகளையே தாங்கவல்லது. வழி தெரியாது அலைவதிலேயே அது சோர்ந்துபோகும் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டிலேயே வேறு அறிஞர் மறுமொழி கூறினர்: ஆய்வுவழிக் கற்றல் என்பது வழிகாட்டலைக் கைவிடுவதன்று, நல்ல வினா, படிப்படியான துணை, ஆசிரியரின் இடையறாக் கவனம் ஆகியன அதன் உறுப்புக்களே என்றனர். இவ்விரு தரப்பையும் ஒப்பநோக்கின் ஆசிரியர்க்கு ஒரு நடைமுறை கிடைக்கின்றது. கருவியைத் திறந்துவிட்டு “விருப்பம்போற் பாருங்கள்” என்று கூறி ஒதுங்குதல் தகாது. ஒவ்வொரு சொடுக்கையும் ஆணையிட்டு நடத்துதலும் தகாது. வினாவை வரையறுத்துக் கொடுத்து, வழியை மாணவர் தேர விடுதலே நடுவுநிலை.

முதல் வினா: வாவியிற் பாடுவது யாது?

முழுநிலா நாளிரவிற் கல்லடிப் பாலத்தருகே வாவிநீரினின்றும் இன்னொலி எழுகின்றது என்பது நம் நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. “மீன் பாடும் தேன்நாடு” என்னும் பெயர் இதனாலேயே வந்தது. இலங்கையின் குடியேற்றக் காரியதரிசியாயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் 1848இல் இவ்வொலியைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார். ஒரே தொடரான சுரமாக அன்றித் தனித்தனியே தெளிந்த பல நுண்ணொலிகளின் திரளாக அது தமக்குக் கேட்டதென்றும், சிப்பி, ஊரி முதலிய ஓட்டுயிர்கள் அதனை எழுப்பலாமென்றும் அவர் எண்ணினார். காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்ற சுவாமி விபுலானந்தர் (1892–1947) இவ்வொலியை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடினார். ஒலியை எழுப்புவது மீனா, ஓட்டுயிரா, வேறொன்றா என்பதில் அறிஞர் கருத்து இன்றும் ஒருப்படவில்லை. விடை முடிந்த வினாவினும் விடை முடியாத வினாவே ஆய்வுக்கு உகந்தது. அதுவும் மாணவன் வீட்டு வாயிலிலேயே கிடப்பதாயின் அதன் சிறப்பைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வினாவை வகுப்பறைக்குக் கொணரும்போது முதலில் அதனைச் சிறு வினாக்களாகப் பகுத்தல் வேண்டும். மீனவர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்து அவ்வொலியைக் கேட்பர். துடுப்பு ஏன் வேண்டும்? நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் கதியிலும், வளியில் ஏறத்தாழ 340 மீற்றர் கதியிலும் செல்கின்றது. இரண்டு ஊடகங்களும் இயல்பில் மிக வேறுபடுதலின், நீரினின்று நேரே மேலெழும் ஒலியின் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே வளியை அடையும். எஞ்சியது நீர்ப்பரப்பிலே தெறித்து மீளும். துடுப்பின் மரம் அவ்வொலிக்கு வேறொரு பாதை அமைத்துத் தருகின்றது. மீனவரின் வழக்கத்தில் ஒரு பௌதிக விதி உறைதலை மாணவன் காணும்போது அறிவியலும் ஊரும் இருவேறு உலகங்களென்னும் எண்ணம் அகன்றுவிடும்.

அடுத்து, அலையின் இயல்பை அறிதற்கு ஃபெட் தொகுதியிலுள்ள ‘கயிற்றில் அலை’ என்னும் பாவனையை எடுத்துக்கொள்வோம். அதில் மணிகள் கோத்தாற்போன்ற ஒரு கயிறு காட்டப்படும். அதன் ஒரு முனையை ஆட்டலாம். மீடிறன், வீச்சம், இழுவிசை, தணிவு ஆகியவற்றை மாற்றலாம். அளவுகோலும் நிறுத்தற் கடிகாரமும் உடனுள்ளன. தொடுமுன்னரே மாணவர் குறிப்பேட்டில் ஓர் எதிர்வுகூறலை எழுதவேண்டும்: “மீடிறனை இருமடங்காக்கினால் அலை முன்னையினும் விரைந்து செல்லுமா?” பலர் “ஆம்” என்றே எழுதுவர். பின்னர் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாது வைத்து அளக்கச் செய்க. மீடிறன் இருமடங்காகும்போது அலைநீளம் பாதியாகக் குறைகின்றது, கதியோ மாறவில்லை. இழுவிசையைக் கூட்டினாலன்றிக் கதி கூடுவதில்லை. கதி என்பது மீடிறனையும் அலைநீளத்தையும் பெருக்கிவரும் தொகையென்னும் சூத்திரத்தை மனனஞ் செய்தவனுக்கும், தன் எதிர்வுகூறல் பொய்ப்பக் கண்டு அதனை அடைந்தவனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னவன் சூத்திரத்தை மறந்தால் கையற்று நிற்பான். பின்னவன் மீண்டும் அதனை ஆக்கிக்கொள்வான்.

இங்ஙனம் பாவனையிற் கண்டதோடு நின்றுவிடலாகாது. அப்பாவனையிற் கயிற்றின் நீளத்தை மாற்ற இயலாது. ஆதலின், ஒரு பலகையிற் கம்பியைப் பூட்டிச் சுரமானி அமைத்து மெய்யாகவே மீட்டிப் பார்த்தல் வேண்டும். இழுவிசை மாறாதிருக்க, நீளத்தைப் பாதியாக்கின் மீடிறன் இருமடங்காகி மேற்சட்சம் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காக்கின் பஞ்சமம் ஒலிக்கும். மறைந்த யாழினை இத்தகைய கணக்குகளின் துணைகொண்டு மீட்டெடுத்து, 1947இல் ‘யாழ் நூல்’ என்னும் பேராராய்ச்சியை அரங்கேற்றிய பெரியார் இவ்வாவிக்கரையினர் என்பதை மாணவர்க்கு நினைவுறுத்துதலும் தகும்.

இறுதியாக, ஒலிப்பதிவு. ஒலியைப் பகுத்துக் காட்டும் இணையத்தளங்களில் காலம் கிடையாகவும் மீடிறன் நிலைக்குத்தாகவும் விரிய, ஒலியின் வலிமை நிறத்தின் செறிவாகத் தோன்றும். பெரியோர் துணையுடன் தோணியிற் சென்று பதிந்துவந்த ஒலியை அதிற் செலுத்தின், தெனன்ற் கூறியவாறு பல நுண்ணொலிகளா, அன்றி ஒரு தொடர்ச் சுரமா என்பதைக் கண்ணாற் காணலாம். ஒரு காவற்குறிப்பும் உண்டு: கைத்தொலைபேசிகள் பேச்சைத் தெளிவாக்கும் பொருட்டு மெல்லிய பின்னணி ஒலிகளைத் தாமே அகற்றிவிடுதல் கூடும். நாம் தேடிய ஒலியையே கருவி இரைச்சலெனத் தள்ளியிருக்கலாம். “படத்தில் இல்லை, ஆகவே வாவியிலும் இல்லை” என்று முடிவுசெய்யாது, கருவியையும் ஐயுற்று நோக்குதலே ஆய்வாளன் பண்பு.

இரண்டாம் வினா: முகத்துவாரம் எப்போது திறக்கின்றது?

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய நம் வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. வறட்சிக் காலத்தில் மணல்மேடு வாயிலை அடைக்கும்; வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் பெருகும்போது அது உடைவதும் வெட்டப்படுவதும் உண்டு. 2011 சனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் பட்ட துயரை அறியாதார் இலர். தாழ்நிலத்து நெற்செய்கையாளர் வெள்ளம் விரைந்து வடிதலை விரும்புவர். வாயில் நெடிது திறந்திருப்பின் உவர் மிகுமே என்று அஞ்சுவாரும் உளர். கடலினின்று இறாற் குஞ்சுகள் உட்புகுதற்குத் திறந்த வாயில் வேண்டுமென மீனவர் கருதுவர். ஆகவே “எப்போது திறக்கின்றது?” என்னும் புவியியல் வினாவின் பின்னே “எப்போது திறத்தல் வேண்டும்?” என்னும் வாழ்வியல் வினா நிற்கின்றது.

இதனை ஆராய மாணவர் முதலில் நாடுவது 1984 முதலான ஆண்டுகளைத் தொடராகக் காட்டும் கூகிள் ஏர்த் காலத்தொடராகும். மணற்றிட்டின் நீண்டகால மாற்றத்தை அறிய அது உதவும். ஆனால் அதிலுள்ள ஒவ்வோர் ஆண்டுப் படமும் அவ்வாண்டின் பல படங்களினின்று மேகமற்ற பகுதிகளைத் தொகுத்து ஆக்கியது. ஓராண்டினுள்ளே திறந்து மூடும் வாயிலை அத்தொகுப்புப் படம் காட்டமாட்டாது. மாணவன் இதனைத் தானே உணரும்படி, “இப்படம் எந்த மாதத்தது?” என்று மட்டும் ஆசிரியர் வினாவினாற் போதும்.

நாட்குறித்த படங்களுக்கு ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் திட்டத்துச் சென்ரினல்-2 செய்மதிகளை நாடலாம். 2015இலும் 2017இலும் ஏவப்பட்ட இரு செய்மதிகள் இணைந்து ஓரிடத்தை ஐந்து நாளுக்கொருமுறை படமெடுக்கும் ஏற்பாட்டில் அத்திட்டம் அமைந்தது; படங்களை எவரும் இலவசமாகக் காணலாம். இங்கும் இரு தடைகள் எதிர்ப்படும். வாயில் திறக்கும் மழைக்காலத்திலேயே மேகமும் வானை மூடுகின்றது. படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர்ச் சதுரத்தைக் குறித்தலின், அதனினும் ஒடுங்கிய புதுவெட்டுப் புலப்படாது. மேகத்தை ஊடுருவிக் காணும் ராடர்ச் செய்மதியான சென்ரினல்-1 ஒரு தடையை நீக்கும். மற்றதை நீக்குவது யாது? வாயிலருகே வாழும் மீனவரின் நினைவு. அவரைக் கண்டு கேட்டு, நாட்களைக் குறித்து, செய்மதிப் படத்தோடு ஒப்பிடுக. வானினின்று பெற்ற சான்றும் கரையினின்று பெற்ற சான்றும் ஒன்றையொன்று திருத்தும். இதனினும் சிறந்த புவியியற் பயிற்சி வேறு யாது?

சொல்லும் பொருளும்

தமிழிற் பெயர்க்கப்பட்ட கருவிகள் கிடைத்தல் பெருநன்மையே. ஆயினும் அவற்றின் கலைச்சொற்கள் பல தமிழகத்து வழக்கைத் தழுவியிருத்தல் கூடும். நாம் மீடிறன் என்பதை அவர் அதிர்வெண் என்பர். நாம் ஆர்முடுகல் என்பதை முடுக்கம் என்பர். இவை சொல் வேறுபாடேயாதலின் இடர் சிறிது. மயக்கத்துக்கு இடமானவை ஒரே சொல் இரு பொருளில் வழங்குமிடங்கள். நம் பாடநூலில் ‘வேகம்’ என்பது திசையோடு கூடிய கணியம், திசையற்றது ‘கதி’. தமிழகத்திலோ திசையற்றதே ‘வேகம்’. திசையோடு கூடியது ‘திசைவேகம்’. இதனை முன்கூட்டி உணர்த்தாவிடின் மாணவன் பாவனையிற் கற்றது பரீட்சையிற் பிழையாகும்.

இவ்விடரையே ஒரு பயிற்சியாக மாற்றலாம். கருவியிலுள்ள சொல்லையும் பாடநூற் சொல்லையும் இருபுறமும் எழுதி ஒரு சொற்பட்டியலை வகுப்பினரே தொகுப்பாராக. 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை பூண்டு உழைத்த விபுலானந்த அடிகளின் மரபில் வந்த நமக்கு இது புறம்பான பணியன்று. மொழிபெயர்ப்பிலே பங்குகொள்ளவும் அத்தளங்கள் ஆர்வலரை வரவேற்கின்றன.

இடர்களும் காப்பும்

எழுவான்கரையின் நகர்ப்புறப் பாடசாலைக்கும் படுவான்கரையின் உட்புறப் பாடசாலைக்கும் இணைய வசதி ஒருதன்மையாக அமையவில்லை. புதிய முறை வசதியுள்ளோர்க்கே பயன்படுமாயின், அது கல்வியின் ஏற்றத்தாழ்வை வளர்க்கும் முறையாகும். இதற்கு ஒருவாறு பரிகாரம் உண்டு. ஃபெட் பாவனைகள் பலவற்றையும் ஜியோஜீப்ராவையும் முன்னரே இறக்கிவைத்து இணையமின்றி இயக்கலாம். வகுப்புக்கு ஒரு கணினியே உளதாயினும் கவலையில்லை. ஒரு திரையைச் சூழ்ந்து நால்வர் வாதிடுதல், நால்வர் நான்கு திரைகளில் வாய்மூடியிருத்தலினும் ஆய்வுக்கு ஏற்றது.

கருவிகள் நிலையாதன என்பதும் நினைவிருத்தல் நன்று. அடோபி நிறுவனம் 2020 திசெம்பர் 31உடன் ‘ஃபிளாஷ்’ மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியபோது அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற பாடப் பாவனைகள் இயங்காதொழிந்தன. எனவே பாடத்தைக் கருவியின்மேற் கட்டாது வினாவின்மேற் கட்டுக. வினா நிலைப்பின் கருவி வேறொன்று வரும்.

2022 நவம்பரில் ‘சற்ஜிபிரி’ வெளிவந்தது முதலாக, கேட்டவுடன் விடையெழுதித் தரும் பொறிகள் பெருகியுள்ளன. முன்னே கூறிய கருவிகள் விளைவைக் காட்டி விளக்கத்தை மாணவனிடம் விடுகின்றன. இவையோ விளக்கத்தையே முன்வைக்கின்றன. வினா கனியுமுன் விடை வந்து விழுமாயின் ஐயம் என்னும் நிலையே மாணவன் மனத்தில் நிகழாது. ஐயம் நிகழாவிடத்துச் சிந்தனையும் இல்லை. அன்றியும் அவ்விடைகள் பிழைபடுதலும் உண்டு. ஆகவே மாணவர் தம் எதிர்வுகூறலையும் அளவீட்டையும் முடிவையும் கைப்பட எழுதியபின்னரே அப்பொறியை அணுகி, அது கூறும் விடையைத் தம் சான்றுகொண்டு சோதிக்கட்டும். அப்போது அதுவும் ஆராயப்படும் பொருளாகிவிடும்.

பரீட்சைக்குக் காலம் போதாதே என்று ஆசிரியர் கூறுவதும் நியாயமே. எல்லாப் பாடத்தையும் இம்முறையிற் கற்பித்தல் இயலாது, வேண்டுவதுமன்று. தவணைக்கு ஒரு வினா, அவ்வினாவுக்கு மூன்று பாடவேளை என வரையறுத்துக்கொண்டாலும் மாணவன் தன் பள்ளிக்காலத்திற் பல வினாக்களைத் தானே ஆராய்ந்தவனாவான்.

முடிவுரை

நன்னூலின் கணக்குக்கு மீள்வோம். இணையக் கருவிக்கு அக்கணக்கில் எந்தப் பங்கு உரியது? ஆசிரியர்க்குரிய காற்பங்கை அது பறித்துக்கொள்ளலாகாது, வினாவைத் தேர்ந்து, மயக்கத்தைக் களைந்து, “இச்சான்று போதுமா?” என்று இடையிடையே தடுத்து நிறுத்துவது ஆசிரியரே. உடன் பயில்வார்க்குரிய காற்பங்கினுள் கருவி வந்து அமரலாம். அங்கே அது நால்வர் நடுவே ஐந்தாவது தோழனாக, கேட்டதற்கெல்லாம் விளைவைக் காட்டிக்கொண்டு ஒத்துழைக்கும். எஞ்சிய அரைப்பங்கு மாணவனுக்கே உரியது. தான் கண்டதை வகுப்பின் முன் நின்று எடுத்துரைத்து, தோழர் தொடுக்கும் வினாக்களுக்கு ஈடுகொடுக்கும்போது அவன் அதனைப் பெறுகின்றான். இவ்வரைப்பங்கை எந்தப் பொறியும் அவனுக்காக ஈட்டித்தர மாட்டாது. ஆகவே ஒவ்வோர் ஆய்வின் முடிவிலும் மாணவர் எழுந்து பேசுதற்கு ஒரு பாடவேளையை ஒதுக்குதல் நம் ஆசிரியர் கடனாகும். வாவியின் ஒலி நம் பாட்டன்மார்க்கும் கேட்டது. அதன் காரணத்தை ஒருநாள் நம் மாணவரே உலகுக்கு எடுத்துரைப்பாராக.